தண்ணீர்த் தோட்டத்தில் வைத்த பந்தி

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பயணம் போகிற பஸ் எந்த இடத்தில் நின்று சாப்பிட வேண்டும் என்று பதினேழு வருடம் நான்தான் சொல்லிவந்தேன். அந்த வேலைக்கு என்னை யாரும் வைக்கவில்லை. முதல் தடவை கதிர்காமம் போனபோது டிரைவர் ஒரு மயானத்துக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, சாப்பிட இறங்குங்கள் என்றார். நான் இறங்க மாட்டேன் என்றேன். நான் இறங்காததால் புளிச்சோற்று அண்டாவும் இறங்கவில்லை, அது என் காலுக்கு நடுவில் இருந்தது. அன்றைக்குப் பிறகு எந்த டிரைவர் வந்தாலும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கில் கால் வைப்பார்.

சாப்பிட இடம் பார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் மாதிரி விழுகிற பீலி இருக்க வேண்டும். நிழல் வேண்டும், அதுவும் மத்தியானம் நகர்ந்து போகாத நிழல். பெண்கள் ஒதுங்க மறைவு வேண்டும். கூப்பிடு தூரத்தில் ஒரு சிங்கள வீடு இருந்தால் நல்லது, உப்போ தீப்பெட்டியோ மறந்துபோனால் கேட்டு வாங்கலாம். நான் முதலில் இறங்கி, பீலித் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்து, தலையை ஆட்டிய பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் ஒரு தடவை தண்ணீர் குடித்த பீலியை நான் மறந்தது கிடையாது.

சண்டை ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் ஒன்று அது. வழியில் இறக்கிச் சோதிப்பது குறைந்து, கொழும்புப் பக்கம் போக மக்களுக்குத் தைரியம் வந்திருந்தது. தோட்டத்து ஆட்களின் நலம் பார்க்கிற உத்தியோகத்தர் எங்கள் சேமநல ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒருநாள் வழவழப்பான தாள் ஒன்றைக் கொண்டுவந்து பிள்ளைக்காம்பராவில் கொடுத்தார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிறவள் என் மருமகள். என் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எதையும் பேப்பரில் எழுதி, கீழே கோடு போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

தாளில் இருந்தது ஒரு தண்ணீர் விளையாட்டுத் தோட்டம். நீலத் தண்ணீரில் ஆட்கள் குழாய்க்குள்ளிருந்து வழுக்கி விழுகிற படம். பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒருநாள் அங்கே கூட்டிப்போக ஏற்பாடாகியிருந்தது. அதற்காகப் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள். தோட்டத்துத் தலைவர் நாற்காலியில், மற்ற எல்லோரும் பாயில்.

நான் பேச ஆரம்பித்தேன். வரக்காப்பொல தாண்டி இடது கைப் பக்கம் ஒரு பீலி, ரப்பர் நிழல், காலைச் சாப்பாட்டுக்குத் தோதான இடம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேமநல ஐயா கையைத் தூக்கினார்.

"இல்லையம்மா, வெளிச் சாப்பாடு ஒண்டும் உள்ளுக்கு விடமாட்டினம். வாசல்லயே வாங்கி வச்சிடுவினம். உள்ளுக்க பெரிய சாப்பாட்டு மண்டபம் இருக்கு."

மருமகள் தாளைப் பிரித்தாள். "மத்தியானச் சாப்பாடு சீட்டோடயே சேர்ந்தது. சோறு, பருப்பு, கோழி, மீனு, ஐஸ்கிரீம். எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாமாம்."

"எவ்வளவு வேணும்னாலுமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "அப்ப முதல் நாளே பட்டினி கிடந்துட்டு வரணுமே."

"கோழியா?" என்றேன் நான். "முன்னால வேப்பிலை கட்டின பஸ்ஸுல ஏறிப் போய்க் கோழி திங்கிறதா?"

எங்கள் தோட்டத்து பஸ் அதுவரை கோயிலைத் தவிர வேறு எங்கும் போனதில்லை. பயணம் என்றால் மரக்கறி, ஒரு வாரத்துக்கு முந்தியே கருவாட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். இரண்டு மூன்று தலைகள் என் பக்கம் ஆடின.

"மாமி, நாம இப்ப கோயிலுக்குப் போகல," என்றாள் மருமகள்.

"அது நமக்குத் தெரியும். பஸ்ஸுக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்கள் என் கட்சியில் சேரவில்லை. ஐஸ்கிரீம் என்ற சொல் ஏற்கெனவே காம்பராவுக்குள் புகுந்துவிட்டது. தலைவர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தடவை உங்க மருமகப் புள்ளையே எல்லாத்தையும் எழுதிப் பார்க்கட்டும், பெரியம்மா. நல்லா நடந்துச்சுன்னா இனிக் கதிர்காமத்துப் பயணமும் புள்ளையே பார்த்துக்கட்டுமே. உங்களுக்கும் வயசாச்சு."

எனக்கு வயது போனது அவருக்கு அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. பயணம் நன்றாக நடக்கக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டேன். இதை மறைப்பதில் என்ன பயன். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற வாய் எனக்குத் தோட்டத்தில் இருந்த ஒரே பதவி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகு மிச்சமிருந்தது அதுதான். அதைப் படம் போட்ட ஒரு தாளுக்கு விட்டுக்கொடுக்க நான் ஆள் இல்லை.

பயணத்துக்கு முந்தின நாள் பின்னேரம், மருமகள் பிள்ளைக்காம்பராவில் பேர் எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, முப்பது தேங்காய் ரொட்டி சுட்டேன். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, தட்டையாக. அந்த மண்டபத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் பிழைக்கும். நாற்பது பேர் பசியோடு நிற்கும்போது என் கையில் ரொட்டி இருக்க வேண்டும். என் யோசனை அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு ரொட்டி வராதே என்று கேட்கலாம். பிய்த்துக் கொடுக்கும்போது இன்னும் அருமை தெரியும்.

வாசலைத் தாண்டுவதற்கும் வழி வைத்திருந்தேன். மலையில் ஏறும்போது சேலைக்கு மேல் கட்டுகிற சாக்குப் படங்கு ஒன்று இருந்தது. காலையில் ரொட்டிகளை வாழையிலையில் சுற்றி, படங்குக்குள் வரிசையாக அடுக்கி, அதை இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் சேலையை உடுத்தினேன். பஸ் படியில் ஏற இரண்டு பேர் தள்ளிவிட வேண்டியிருந்தது. சேமநல ஐயாவுக்கு அன்றைக்கு வேறு வேலை, அவர் வரவில்லை. சிங்கள டிரைவர் பழக்க தோஷத்தில் வேப்பிலை கட்டியிருந்தார். நான் அதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

அங்கே வாசலில் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒருத்தியின் முறுக்குப் போனது, இன்னொருத்தியின் அவித்த முட்டை போனது. பிறகு பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு சின்னப் பெண் காக்கிச் சட்டையில் நின்றாள். அவள் கை என் இடுப்பில் வந்து டக்கென்று நின்றது.

"மேக மொகத, அம்மே?" என்றாள். இது என்ன என்று கேட்கிறாள்.

"இடுப்பு வலி, மகளே. மருந்து வச்சுக் கட்டியிருக்கு," என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். "மருந்துல வெங்காய வாசம் வருது."

"வீக்கத்துக்கு வெங்காயம் நல்லது."

"தேங்காயுமா போடுவீங்க?"

"வலி கூட இருந்தா போடுவோம்."

எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரமா சொகமாகட்டும், அம்மே," என்று கையைக் காட்டினாள். அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பிள்ளைகள் தண்ணீரைக் கண்டதும் எங்களைத் தெரியாதவர்கள் மாதிரி ஓடிவிட்டன. தாய்மார் சேலையோடு இறங்கலாமா கூடாதா என்று கரையில் நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, பேச்சு முடிவதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள். தலைவர் மட்டும் முழுக்கால் சட்டையை முழங்கால் வரை மடித்து, முகம் தெரியாத யாருக்கோ நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னால் குனிய முடியாது, உட்கார்ந்தால் ரொட்டி நொறுங்கும். அதனால் நடந்தேன். நடந்து, வழக்கம்போல, சாப்பிடும் இடத்தைப் பார்க்கப் போனேன்.

மண்டபத்துக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே வேறு ஒரு கூட்டம் காலைச் சாப்பாட்டில் இருந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நீள மேசையில் மூடி போட்ட சட்டிகள். வருகிறவர்கள் ஒரு தட்டைத் தாங்களே எடுக்கிறார்கள், மூடியைத் தாங்களே திறக்கிறார்கள், வேண்டியதைத் தாங்களே அள்ளிக்கொண்டு போய் உட்காருகிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட வெயிட்டர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பரிமாற ஒருவரும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

மத்தியானம் நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது. தலை ஈரத்தோடு நாற்பது பேரும் மண்டபத்துக்குள் வந்தார்கள். மேசைகளைப் பார்த்தார்கள். பந்திக்கு உட்காருகிற மாதிரி, தலைவர் தலைமாட்டில், துணைக்கு வந்த ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் நடுவில், வரிசையாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து காத்திருந்தார்கள். எங்களில் பந்தியில் உட்கார்ந்தவர் எழும்பிப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தால் அது வீட்டுக்காரரின் மூஞ்சியில் அடித்த மாதிரி. பசிக்கிறது என்று காட்டிக்கொள்வதும் மரியாதை இல்லை.

சிறிது நேரம் கழித்து ஒரு வெயிட்டர் தலைவரிடம் வந்து, "கன்ன, மஹத்தயா," என்று சாப்பிடச் சொன்னார். கலியாண வீட்டில் அப்படிக் கேட்டால் என்ன சொல்வதோ அதையே தலைவரும் சொன்னார். "கமக் நே, கமக் நே. ஆறுதலா வரட்டும்." பரவாயில்லை, அவசரமில்லை என்று இரண்டு பாஷையிலும் கையை ஆட்டினார். வெயிட்டரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். யாரோ வரும்வரை இவர்கள் காத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

இன்னும் நேரம் போனது. மருமகள் எழும்பிப் போய், சாப்பாடு எப்போது என்று கேட்டாள். "எல்லாம் ரெடி, மிஸ்," என்று பதில் வந்தது. "ரெடியாம். இப்பக் கொண்டாருவாங்க," என்று எங்களிடம் வந்து சொன்னாள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பக்கத்து மேசைகளில் ஆட்கள் மலைபோல் குவித்துக்கொண்டு வந்து சாப்பிட்டார்கள். அதை எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்தவர் தட்டைப் பார்ப்பதும் மரியாதை இல்லையே.

"அவங்கல்லாம் வேலைக்காரங்களுக்குத் தெரிஞ்ச ஆளுகளா இருக்கும்," என்றாள் ஒருத்தி.

"நமக்குக் கடைசியாத்தான் வைப்பாங்க. தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சிருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது, அதைப் பார்த்து இன்னொன்று. தலைவர் பெருமூச்சு விட்டார். "பெரியம்மா அன்னைக்கே சொன்னாங்க."

நான் சொன்னது கோழியைப் பற்றித்தான். இருந்தாலும் திருத்தப் போகவில்லை. முகத்தைக் கோயில் சிலை மாதிரி வைத்துக்கொண்டேன். மருமகள் தன் தாளை எடுத்துப் பார்த்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். பிறகு எழும்பிக் கழுவும் அறைப் பக்கம் போனாள். இதுதான் நேரம் என்று நானும் படங்கை அவிழ்க்க அங்கேயே போனேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு சேலையைத் தளர்த்தி, மூட்டையை எடுத்து, மறுபடி உடுத்திக்கொண்டு வெளியே வந்தால், அவள் கண்ணாடிக்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடியிலேயே என் கையைப் பார்த்தாள்.

"என்ன மாமி இது?"

"ரொட்டி."

"எத்தனை?"

"முப்பது. நாலு நொறுங்கிப் போச்சு."

"காலையில இருந்து இடுப்புலயா இருந்துச்சு?" என் இடுப்பைப் பார்த்தாள். "மாமி சதை போட்டிருக்காங்களேன்னு நெனச்சேன்." சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "கொண்டு போய்க் குடுங்க. அதுக்குத்தானே கொண்டு வந்தீங்க. நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போய்ப் பட்டினி போட்டுட்டேன்னு நாளைக்குக் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல பேசட்டும்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

இந்த நேரத்தை நான் பல நாளாக மனசுக்குள் பார்த்து வைத்திருந்தேன். அதில் அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு திமிராக நிற்பாள், நான் மூட்டையைப் பிரிப்பேன். மூக்குச் சிவந்து நிற்கிறவளிடம் ஜெயிப்பது உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அங்க யாரும் கொண்டாந்து வைக்க மாட்டாங்க," என்றேன். "தட்டை எடுத்துக்கிட்டு நாமளேதான் போய் அள்ளிக்கணும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கண்ணாடி வழியாப் பார்த்தேன்."

"எப்ப பார்த்தீங்க?"

"காலையிலேயே."

அவள் குழாயை மூடினாள். "காலையிலேயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் அங்க உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"புள்ளைங்க அழுதுச்சுக, மாமி."

ரொட்டி இருக்கிறதே என்றுதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த வார்த்தை எனக்கே பிடிக்கவில்லை.

"சரி, நான் போய்ச் சொல்றேன்," என்று அவள் திரும்பினாள்.

"சொன்னா எழும்ப மாட்டாங்க. தலைவரு மொதல்ல எழும்ப மாட்டாரு. பஞ்ச காலத்துல சின்ன வயசுல தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நின்ன ஆளு. இந்த வயசுல, இத்தனை பேருக்கு முன்னால திரும்ப நிப்பாரா? யாராவது கரண்டியைப் புடிக்கணும். புடிச்சாத்தான் அது பந்தி."

"யாரு புடிக்கிறது?"

"பதினேழு வருசமா யாரு புடிச்சா?"

கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். "கதிர்காமத்துப் பயணத்துக்கு விலை பேசுறீங்க."

"நான் ஒண்ணும் பேசல. நீதான் பேசுற."

"பேப்பர்ல எழுதுறது நான்."

"எழுதிக்க. பஸ் நிக்கிற எடம் நான் சொல்றது."

"சரி. மொதல்ல வாங்க."

மண்டபத்துக்குள் போய் நேரே நீள மேசைக்குப் பின்னால் நின்றேன். முதல் சட்டியின் மூடியைத் திறந்து கரண்டியைக் கையில் எடுத்தேன். மருமகள் நாலு தாய்மாரைக் கூப்பிட்டுத் தட்டுகளைக் கொடுத்தாள். நான் போடப் போட அவர்கள் கொண்டுபோய்ப் பந்தியில் வைத்தார்கள். முதல் தட்டுத் தலைவருக்கு. அவர் ஒன்றும் நடக்காத மாதிரி, "ஆங், வந்துருச்சு," என்றார்.

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மேற்பார்வையாளர் ஓடி வந்தார். மேசைக்குப் பின்னால் வெளியாட்கள் நிற்கக்கூடாதாம், ஒவ்வொருவரும் தாங்களே எடுக்க வேண்டுமாம். மருமகள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுடைய சிங்களத்தை நான் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். "எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு உங்க தாளிலதான் போட்டிருக்கு, மஹத்தயா. யாரு கையால சாப்பிடணும்னு அதுல எழுதலையே," என்று அந்தத் தாளை விரித்தே காட்டினாள். அவர் தாளைப் பார்த்தார். நாற்பது பேரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கடதாசித் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கரண்டி பிடிக்கிறவர்கள் தலைமயிரை மூட வேண்டும் என்பது அங்கே சட்டமாம். மருமகள் அதை வாங்கி என் கொண்டைக்கு மேல் மாட்டிவிட்டாள். இரண்டு பக்கமும் இழுத்துச் சரி பண்ணியபோது அவளுக்குத் தோள் குலுங்கியது. இந்தத் தடவை அழுகை இல்லை.

கொஞ்ச நேரத்தில் எங்களோடு சம்பந்தமே இல்லாத ஆட்களும் தட்டை ஏந்திக்கொண்டு என் முன்னால் நின்றார்கள். முழுக்கால் சட்டை போட்ட, கந்தோர் உத்தியோகக்காரி மாதிரி ஒரு அம்மா, பருப்புக் கொஞ்சம் போதும் என்றாள். மெலிந்த உடம்பு. இரண்டு கரண்டி போட்டு அனுப்பினேன். கோழியையும் என் கையாலேயே போட்டேன். நான் கோழி தொடவில்லை. குழம்பு மட்டும் சோற்றில் கொஞ்சம் பட்டது, அது கரண்டியின் பிழை.

ரொட்டி திரும்பி வரும்போது போனது. வரக்காப்பொலயில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். மருமகளே மூட்டையைப் பிரித்துப் பிய்த்துக் கொடுத்தாள். டிரைவர் மட்டும் நாலு தின்றார். எங்கே வைத்துக் கொண்டுவந்தேன் என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அதை நான் நல்ல குணம் என்றுதான் அப்போது நினைத்தேன், கடன் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஆடியில் கதிர்காமம். மருமகள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள், நான் சொல்லச் சொல்ல எழுதினாள். முதல் நிறுத்தம் ஓப்பநாயக்க டவுனுக்கு முந்தி, பலா மரத்தடிப் பீலி என்றேன். "பலா மரத்தடிப் பீலி," என்று சொல்லிக்கொண்டே கோடு போட்டாள். தலைவர், "பெரியம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார்.

பயணத்தன்று பலா மரம் வந்தது, பலா மரம் போனது. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முன்னால் ஒட்டியிருந்த, மருமகள் எழுதிய பேப்பரைத்தான் பார்த்தார். ஓப்பநாயக்க போனது, பலாங்கொடையும் போனது. நான் திரும்பி மருமகளைப் பார்த்தேன். அவள் சன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கு முன் மலையையே கண்டிராதவள் மாதிரி. கடைசியில் ஒரு ஆற்றங்கரையில் பஸ் நின்றது. நான் முதலில் இறங்கினேன். பாறைக்கு மேலே பெரிய மரங்கள், இருட்டு மாதிரி நிழல். ஒதுங்க மறைவு இருந்தது. தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றினேன். பல் கூசுகிற குளிர்ச்சி, கல்லில் வடிந்த ருசி. பலா மரத்துப் பீலி இதன் பக்கத்தில் நிற்காது.

எல்லோரும் பஸ் படியிலிருந்து என் தலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகளும் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா, பலா மரம்னு சொன்னீங்க, இங்க வந்துட்டோம்?" என்றார் தலைவர்.

"அந்தப் பீலியில இப்ப தண்ணி கொறஞ்சிருக்கும்," என்று தலையை ஆட்டிவிட்டு வந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தேன். "நான்தான் இங்க மாத்தச் சொன்னேன்."

"ஆமா, மாமிதான் சொன்னாங்க," என்றாள் மருமகள், அண்டாவின் மறு காதைப் பிடித்து இறக்கிக்கொண்டே.